டைம் ஆபீஸ் ஐயாவின் நாற்பது பக்க நோட்டு

"ஏன் பாப்பா, உன் கம்ப்யூட்டரு என்னைப் பார்த்தா மட்டும் தூங்குது?"

எங்கள் கம்பெனியின் டைம் ஆபீஸ் ஐயா என்னிடம் முதன்முதலில் இப்படிக் கேட்டபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கடலூர் – சிதம்பரம் சாலையில் போனவர்களுக்கு சிப்காட் தொழிற்பேட்டை தெரிந்திருக்கும். உப்பனாற்றை ஒட்டி வரிசையாக ரசாயனத் தொழிற்சாலைகள். பஸ் ஜன்னலை மூடச் சொல்லும் வாசனை வந்துவிட்டால் சிப்காட் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ஒரு தொழிற்சாலையில் நான் பல வருடங்கள் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். 'பிரிவு' என்றால் நானும் ஒரு பையனும். சிதம்பரத்திலிருந்து காலை பஸ் ஏறி, பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி வந்து இறங்குவேன். கேட்டில் நுழையும்போதே யாராவது ஒருவர் "சிஸ்டம் மேடம்... பிரின்டர் வரலை" என்று ஆரம்பித்துவிடுவார்.

டைம் ஆபீஸ் என்பது கேட்டை ஒட்டிய சின்ன அறை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள், யாருக்கு ஓவர்டைம், கான்டீனுக்கு இன்றைக்கு எத்தனை சாப்பாடு எல்லாம் அங்கிருந்துதான் போக வேண்டும். காலை 6 மணிக்கு ஏ ஷிஃப்ட். ஐயா அதற்கு முன்னால் வந்து கம்ப்யூட்டரைத் தயாராக வைத்திருந்தால்தான் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வரிசை நகரும். தாமதமானால் வரிசை ரோடு வரை நீளும். ரோட்டில் நிற்பவர்களுக்குக் கூலி யார் கொடுப்பார்கள்?

ஐயாவுக்கு அப்போது 56 வயது. பேனாவும் பேரேடுமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கம்ப்யூட்டர் பிற்பாடு கற்றுக்கொண்டதுதான். ஒற்றை விரலால் டைப் அடிப்பார். ஆனால், தப்பே வராது.

"வாங்க வாங்க" என்று வாசலில் நிறுத்தும் வீடு

அவர் புகார் ரொம்ப எளிமையானது. பெயரும் பாஸ்வேர்டும் அடித்து என்டர் தட்டினால், நீலத் திரையில் 'வெல்கம்' என்று வரும். பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம். சில நாள் அலுத்துப்போய் ரீஸ்டார்ட் செய்வார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"வாங்க வாங்கன்னு சொல்லிட்டே வாசல்லயே நிக்க வைக்கிற சொந்தக்காரன் வீடு மாதிரி இருக்கு பாப்பா" என்பார்.

மற்ற அறைகளில் அதே கம்ப்யூட்டர், அதே விண்டோஸ் 7, அரை நிமிஷத்தில் திறந்துவிடும். நான் போய்ப் பார்த்தேன். வைரஸ் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. "உங்களுக்கு அவசரம் இல்லையா ஐயா, அதனால ரொம்ப நேரம் மாதிரி தோணுது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படிச் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. காத்திருப்பு எவ்வளவு நேரம் என்பது வேறு, எவ்வளவு நேரமாகத் தோன்றுகிறது என்பது வேறு. இதைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும். காரணம் தெரியாமல் நிற்கும் நேரம் இன்னும் நீளமாகத் தெரியும் என்பது அவர் சொன்னதன் சாரம். கம்ப்யூட்டர் திரையைப் பொறுத்தவரை பத்து வினாடிக்கு மேல் போனால் மனசு வேறு பக்கம் போய்விடும் என்று யாகோப் நீல்சன் என்ற ஆய்வாளரும் சொல்லியிருக்கிறார்.

பத்து வினாடிக்கே அப்படி. ஐயாவுக்கு எட்டு நிமிஷம். அதைத்தான் நான் 'தோணுது' என்றேன்.

அதன் பிறகும் அவர் கேட்டுக்கொண்டிருந்ததால் சில வேலைகள் செய்தேன். மெமரியை இரண்டு மடங்காக்கினேன். நெட்வொர்க் கேபிளை மாற்றினேன். கடைசியில் மொத்தமாக ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகவே போட்டேன். எதற்கும் அது அசையவில்லை. அப்புறம் எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது. 'கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லை. ஐயாவுக்கு வயசாயிடுச்சு. எதையாவது மாத்தி அமுக்குவார்.' இதை நான் வாய்விட்டு ஒருவரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கான்டீனில் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். கான்டீனில் சொன்னது கம்பெனி முழுக்கச் சொன்ன மாதிரி.

ஒன்பது நிமிஷம்

ரசாயனத் தொழிற்சாலைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 'மாக் டிரில்' நடத்த வேண்டும். விபத்து நடந்தால் என்ன செய்வோம் என்று நடித்துப் பார்ப்பது. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் நடந்ததற்குப் பிறகு நாட்டில் சட்டங்கள் இறுகின. 1989-ல் வந்த அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகளில் இந்த ஒத்திகையும் ஒன்று.

2013-ல் ஒரு நாள் காலை. சைரன் ஊதியது. எல்லாரும் கூரை மேலே பறக்கும் காற்றுப் பையைப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கமாக நடந்து, மரத்தடியில் கூடினோம். அடுத்த வேலை தலை எண்ணுவது. உள்ளே போனவர்கள் எத்தனை பேர், மரத்தடியில் நிற்பவர்கள் எத்தனை பேர்? இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசம்தான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும் மனிதர்கள்.

உள்ளே போனவர்களின் பட்டியல் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது.

ஒத்திகையின் ஒரு பகுதியாக மெயின் கரன்ட்டை நிறுத்தியிருந்தார்கள். டைம் ஆபீஸ் யூ.பி.எஸ். பேட்டரி பழசு, உடனே படுத்துவிட்டது. ஜெனரேட்டர் வந்ததும் ஐயா கம்ப்யூட்டரைப் போட்டார். பாஸ்வேர்டு அடித்தார். 'வெல்கம்.' வட்டம் சுற்றியது.

பாதுகாப்பு அதிகாரி கையில் ஸ்டாப் வாட்ச். வெயிலில் நூற்றுக்கணக்கான பேர் நிற்கிறோம். ஐயா திரையைப் பார்க்கிறார், எங்களைப் பார்க்கிறார், மறுபடி திரையைப் பார்க்கிறார். கழுத்தில் வியர்வை. பட்டியல் பிரின்ட் ஆகி வந்தபோது ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. எண்ணிப் பார்த்ததில் மூன்று பேர் குறைந்தார்கள். கான்டீனுக்குப் பின்னால் சைரன் சரியாகக் கேட்காமல் நின்றிருந்தார்கள்.

"நிஜமா கசிஞ்சிருந்தா, அந்த மூணு பேரைத் தேடணும்னே ஒன்பது நிமிஷம் நமக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் பாதுகாப்பு அதிகாரி. அதற்கு மேல் அவர் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து ஐயாவுக்கு மெமோ வந்தது. 'கணினியை இயக்குவதில் மெத்தனம்' என்று அதில் ஒரு வரி. 28 வருஷ சர்வீஸில் அவருக்கு வந்த முதல் மெமோ.

நோட்டு

மெமோ வந்த அன்று சாயங்காலம் அவர் என் அறைக்கு வந்தார். கோபமாகத் திட்டுவார் என்று நினைத்தேன். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது.

"நீ ஒரு தடவை 'உங்களுக்கு அப்படித் தோணுது'ன்னு சொன்னே இல்ல பாப்பா? அன்னையிலேருந்து எழுதிட்டு வரேன். தோணுதா, நிஜமான்னு நீயே பாத்துச் சொல்லு."

திறந்தேன். ஒவ்வொரு வரியிலும் தேதி, என்டர் தட்டிய நேரம், திரை வந்த நேரம். அவருடைய பேரேட்டுக் கையெழுத்து. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம். நடுநடுவே ஓரத்தில் குறிப்புகள். 'மெமரி மாற்றியது – 7 நிமிஷம்.' 'ஒயர் மாற்றியது – 8 நிமிஷம்.' 'புதுசாக எல்லாம் போட்டது – 7½ நிமிஷம்.' என்னுடைய தோல்விகள் எல்லாம் வரிசையாக, எந்த விமர்சனமும் இல்லாமல்.

"இப்படி எழுதணும்னு உங்களுக்கு எப்படி ஐயா தோணுச்சு?"

"எங்க ஊர்ல பழக்கம்தான்" என்றார்.

அவர் ஈச்சங்காட்டுக்காரர். சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2004 வாக்கிலிருந்து மக்களே ஒரு குழுவாகச் சேர்ந்து காற்றைக் கண்காணிக்க ஆரம்பித்தார்கள். எத்தனை மணிக்கு நாற்றம் வந்தது, எப்படிப்பட்ட நாற்றம், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று குறித்து வைப்பார்கள். அழுகிய முட்டைக்கோஸ் வாசனை, நெயில் பாலிஷ் வாசனை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். பிளாஸ்டிக் வாளியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். "நாத்தம் அடிக்குதுன்னு வாயால சொன்னா, 'உங்களுக்கு அப்படித் தோணுது'ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எழுதி வெச்ச பிறகுதான் கேட்டாங்க. நான் கம்பெனி ஆளு, அதுல சேரலை. ஆனா எழுதுறதைப் பாத்திருக்கேன்."

நோட்டின் முதல் பக்கத்தில், மேலே, பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'தானே புயலுக்குப் பிறகுதான் இப்படி.'

அந்த ஒரு வரியை நான் பல நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷமாக நான் 'என்ன கோளாறு' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். 'எப்போதிலிருந்து' என்று ஒருநாளும் கேட்கவில்லை.

புயல் அன்று நான் செய்தது

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. கடலூர்க்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. ஊரே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது.

எங்கள் சர்வர் அறையின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் நான் வந்து சேர்ந்தபோது சர்வர் மேல் தார்ப்பாய். அதை நிர்வாகக் கட்டடத்தின் மாடிக்குத் தூக்கி, ஜெனரேட்டரில் ஓட்டி, ஒவ்வொன்றாக உயிர் கொடுத்தோம். அந்தச் சமயத்தில் டைம் ஆபீஸிலிருந்து வருகைப் பதிவைத் தலைமை அலுவலகத்துக்கு உடனே மெயிலில் அனுப்ப வேண்டும். சம்பள நாள் நெருங்குகிறது. சர்வர் இன்னும் சரியாக எழவில்லை. இன்டர்நெட் லைன் மட்டும் வந்துவிட்டது.

நான் ஒரு குறுக்கு வழி செய்தேன். என்ன செய்தேன் என்று புரிய ஒரு சின்ன விளக்கம் வேண்டும்.

கம்ப்யூட்டருக்குப் பெயர்கள் தெரியாது, எண்கள்தான் தெரியும். நாம் பெயரைச் சொன்னால் அதற்கான எண்ணைத் தேடிச் சொல்ல ஒரு விலாசப் புத்தகம் வேண்டும். அதற்குத்தான் டி.என்.எஸ். என்று பெயர். ஒரு காலத்தில் உலகத்தின் மொத்தக் கம்ப்யூட்டர் விலாசங்களும் அமெரிக்காவில் ஒரே பட்டியலாக எழுதி வைக்கப்பட்டிருந்தன. கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வடிவமைத்த ஏற்பாடுதான் டி.என்.எஸ். இன்றைக்கு நீங்கள் செல்போனில் இந்தக் கட்டுரையைத் திறந்ததும் அதன் உதவியால்தான்.

ஒரு கம்பெனிக்குள் இருக்கும் சர்வரின் பெயர் அந்தக் கம்பெனியின் சொந்த விலாசப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். ஊர் உலகத்துக்குத் தெரியாது. ஊழியர் பாஸ்வேர்டு அடித்ததும், கம்ப்யூட்டர் முதலில் கேட்பது "எங்கள் சர்வர் எங்கே?" என்றுதான். விலாசம் கிடைத்தால்தான் போய், "இவர் நம்ம ஆள்தானா?" என்று கேட்க முடியும்.

சர்வர் எழாததால், டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் விலாசப் புத்தகத்தின் முதல் இடத்தில் 8.8.8.8 என்று போட்டேன். 2009 டிசம்பரில் கூகுள் எல்லாருக்குமாகத் திறந்துவிட்ட இலவச டி.என்.எஸ். முகவரி அது. இரண்டாவது இடத்தில் எங்கள் சர்வர். மெயில் போனது. சம்பளம் வந்தது. எல்லாரும் கைகுலுக்கினார்கள். இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

நோட்டைப் படித்த அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் 2012-ம் வருஷ டைரியைத் தேடி எடுத்தேன். ஜனவரி முதல் வாரப் பக்கம். என் கையெழுத்தில் '8.8.8.8'. பக்கத்தில் 'டெம்பரரி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன்.

இன்னொன்றும் புரிந்தது. ஃபார்மட் செய்த பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்கான எண்களை நான் எங்கிருந்து பார்த்துப் போட்டேன்? இதே பக்கத்திலிருந்து. வயலைச் சுத்தமாக உழுதுவிட்டு, களையையே எடுத்து மறுபடி நட்டிருக்கிறேன்.

ஏன் எட்டு நிமிஷம்?

'முதல் முகவரியில் பதில் கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்குப் போகாதா?' என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். முதல் முகவரி பதிலே சொல்லாவிட்டால்தான் கம்ப்யூட்டர் இரண்டாவதைக் கேட்கும். 8.8.8.8 பதில் சொன்னது. உடனே, நேர்மையாகச் சொன்னது: "அப்படி ஒரு பெயரே கிடையாது." பதில் வந்துவிட்டதால் இரண்டாவதைக் கேட்க வேண்டிய அவசியம் கம்ப்யூட்டருக்கு இல்லை.

ஈச்சங்காட்டில் இருக்கும் ஒருவரின் வீட்டை கோயம்பேட்டில் போய் விசாரித்தால் என்ன ஆகும்? "அப்படி யாரும் இல்லை" என்பார்கள். அதற்காக அந்த ஆள் இல்லாமல் போய்விட மாட்டார்.

அதன் பிறகு விண்டோஸ் பழைய கால முறைக்கு இறங்கும். நெட்வொர்க்கில் எல்லாருக்கும் கேட்கும்படி "சர்வர்... சர்வர்..." என்று கூவும். எப்படியோ கண்டுபிடிக்கும். பிறகு கம்பெனி விதிகளை வாங்க ஒருமுறை, பொது ஃபோல்டரை இணைக்க ஒருமுறை, பிரின்டருக்கு ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் கோயம்பேடு போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவும் முடிகிற வரை திரையில் வட்டம் சுற்றும்.

மற்ற கம்ப்யூட்டர்களுக்கு எண்கள் தானாகப் போய்ச் சேரும். அதனால் அவற்றுக்குப் பிரச்னை இல்லை. பஞ்ச் மெஷினோடு பேச வேண்டியிருந்ததால் டைம் ஆபீஸுக்கு மட்டும் நிலையான எண்ணைக் கையால் போட்டிருந்தேன். எடைமேடையிலும் அப்படியே. அங்கே ஏன் யாரும் புகார் சொல்லவில்லை என்று போய்ப் பார்த்தேன். அவர்கள் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை!

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். 8.8.8.8-ஐ அழித்துவிட்டு எங்கள் சர்வரின் எண்ணை மட்டும் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை. ரீஸ்டார்ட் செய்து ஐயாவை உட்கார வைத்தேன். ஒற்றை விரலால் பாஸ்வேர்டு அடித்து என்டர் தட்டினார். வழக்கம்போல டீ கிளாஸை எடுக்கத் திரும்பினார். திரும்புவதற்குள் திரை வந்துவிட்டது. என் செல்போனில் 28 வினாடி.

"வேற மெஷின் மாத்திட்டியா பாப்பா?"

"அதேதான் ஐயா."

அவர் லாக் ஆஃப் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். இன்னொரு தடவையும். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நானே நம்பிட்டேன்."

கூடவே ஒன்று தெரிந்தது. ஏ ஷிஃப்ட் வரிசை நிற்கக் கூடாது என்பதற்காக அவர் ஒன்றரை வருஷமாக அரை மணி முன்னதாகவே சைக்கிளில் கிளம்பி வந்துகொண்டிருந்தார். விடியாத இருட்டில். அந்த அரை மணிக்கு யாரும் ஓவர்டைம் போடவில்லை. போட வேண்டியவரே அவர்தான். தனக்கு அவர் போட்டுக்கொள்ளவில்லை.

மெமோ

கோளாறு சரியாகிவிட்டது. ஆனால், மெமோ அவர் ஃபைலில் இருந்தது. 'சிஸ்டம் கோளாறு, சரி செய்யப்பட்டது' என்று நான் பொதுவாக ஒரு வரி எழுதினால் போதும். யார் செய்த கோளாறு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அந்த வருஷம் பதவி உயர்வு வர வேண்டிய நேரம். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும் வரை அந்தப் பொதுவான வரியைத்தான் மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "அந்த மனுஷன் வீட்டுல அந்த மெமோவை என்னன்னு சொல்லியிருப்பார்?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் விளக்கமாகவே எழுதிக் கொடுத்தேன். தேதி, நான் போட்ட எண், நான் மாற்ற மறந்தது, ஃபார்மட் செய்தபோது மறுபடி அதையே போட்டது. ஐயாவின் நோட்டிலிருந்து இரண்டு பக்கம் ஜெராக்ஸும் இணைத்தேன். அவருடைய மெமோவை வாபஸ் வாங்கினார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. பதவி உயர்வு அடுத்த வருஷம்தான் வந்தது. ஐயா சொன்ன யோசனைப்படி, ஷிஃப்ட் ஆரம்பித்ததும் பட்டியலைப் பிரின்ட் எடுத்து கேட்டில் ஒரு ஆணியில் மாட்டுவதும் அன்றிலிருந்து வழக்கமானது. அடுத்த ஒத்திகையில் கரன்ட் போனபோது யாரும் திரையைப் பார்க்கவில்லை. ஆணியிலிருந்து தாளை உருவினார்கள்.

உங்கள் ஆபீஸிலும் வட்டம் சுற்றுகிறதா?

அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டர் புகார் வந்தாலும் நான் முதலில் நான்கு கேள்விகள் கேட்பேன். கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

எல்லாருக்கும் மெதுவா, ஒருவருக்கு மட்டுமா? எல்லாருக்கும் என்றால் சர்வரையோ நெட்வொர்க்கையோ பார்க்க வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் என்றால், அவர் வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் மெதுவா? அங்கேயும் மெதுவென்றால் சிக்கல் அவருடைய கணக்கில். எங்கள் அக்கவுன்ட்ஸ் அதிகாரி ஒருவர் மகளின் கல்யாண வீடியோவை டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அவரவர் டெஸ்க்டாப் கூடவே வருகிற மாதிரி அமைத்திருந்தோம். அவர் உட்காரும் இடமெல்லாம் மேளதாளத்தோடு மொத்தக் கல்யாணமும் சர்வரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

எந்நேரமும் மெதுவா, காலை 9 மணிக்கு மட்டுமா? 9 மணிக்கு மட்டும் என்றால் கூட்ட நெரிசல். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோதும் மெதுவென்றால் நெரிசல் காரணம் இல்லை. ஐயாவின் நோட்டில் ஞாயிறும் அதே எட்டு நிமிஷம்தான்.

நான்காவதுதான் முக்கியம். எப்போதிலிருந்து? அந்தச் சமயத்தில் என்ன மாறியது?

இதற்கு மேல் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டர் பிரிவின் வேலை. டி.என்.எஸ். முதல் முகவரி, இரண்டாவது முகவரி இரண்டுமே கம்பெனியின் சர்வர்களைத்தான் காட்ட வேண்டும். எப்போதோ செத்துப்போன சர்வரின் ஃபோல்டரையும், கழற்றி எறிந்த பிரின்டரையும் கம்ப்யூட்டர் இன்னும் தினமும் தேடிக்கொண்டிருக்கலாம். அவற்றை நீக்க வேண்டும். கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ஏற்பாட்டுக்குக் கெர்பரோஸ் என்று பெயர். கிரேக்கக் கதையில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. சர்வர் நேரத்துக்கும் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த நாய் குரைக்க ஆரம்பிக்கும். மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்தாலே கடிகாரம் பின்தங்கிவிடும்.

இன்னும் ஒன்று. உங்கள் அலுவலகத்தில் 'இவர் கம்ப்யூட்டரில் ஸ்லோ' என்று பெயர் வாங்கிய மூத்தவர் யாராவது இருந்தால், ஒருநாள் அவர் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, அவருடைய கம்ப்யூட்டரை நீங்களே போட்டுப் பாருங்கள். நான் ஒன்றரை வருஷத்தில் ஒருநாள்கூட விடியற்காலை 5:30 மணிக்குப் போய் அப்படிச் செய்யவில்லை.

ஐயா 58 வயதில் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், கான்டீனில் கேசரி. எல்லாம் முடிந்து கேட் வரை கூடப் போனேன். சைக்கிளில் மாட்டியிருந்த பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"இனிமே எனக்கு எதுக்கு? நீ வெச்சுக்க பாப்பா."

அவர் போன பிறகு கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் சரி செய்த அன்றைய தேதி, என்டர் தட்டிய நேரம், திரை வந்த நேரம் எல்லாம் வழக்கம்போல இருந்தன. ஓரத்தில், மெமரி மாற்றியதையும் ஒயர் மாற்றியதையும் எழுதிய அதே கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'பாப்பா கண்டுபிடித்தது – 28 வினாடி.'

கண்டுபிடித்தது யார் என்று எனக்குத் தெரியும்.